ஒரு மாநிலத்தைக் கலைக்க யாரைக் கேட்க வேண்டும்?

2021 ஜூலையில் ஒரு நாளிதழ், கொங்கு மண்டலத்தைத் தமிழ்நாட்டிலிருந்து பிரித்து யூனியன் பிரதேசமாக்கும் யோசனை டெல்லியில் இருப்பதாகப் பெரிய எழுத்தில் செய்தி போட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், புதிதாகப் பதவியேற்ற ஒரு மத்திய இணையமைச்சரின் அறிமுகக் குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்ற பெயர் வந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததும் எங்கள் பக்கமெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் அதே பேச்சு. அப்படி எந்த முன்மொழிவும் பரிசீலனையில் இல்லை என்று மத்திய அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது, பேச்சும் அடங்கியது. ஆனால் அந்த நாட்களில் என் பெரியப்பா கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. “அதெப்படி கண்ணு, நம்ம சட்டசபை ஒத்துக்காம பிரிச்சுப்போட முடியுமா?” என்றார். “முடியுமுங்க பெரியப்பா. சட்டசபைகிட்ட கருத்துக் கேப்பாங்க. ஆனா அது ஒத்துக்கணும்னு அவசியமில்லைங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்புறம் எதுக்குக் கேக்கறது?” என்றார்.

அவருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. அவர் பள்ளியில் படித்த காலத்தில் கொள்ளேகாலம், கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. மாதேஸ்வரன் மலை அதற்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அந்தத் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. அவருடைய அத்தை ஒருவர் வாக்கப்பட்டுப் போன ஊர் அந்தப் பக்கம். அத்தையின் பேரப்பிள்ளைகள் இப்போது கன்னடம்தான் சரளமாகப் பேசுகிறார்கள். இதை அவர் குறையாகச் சொல்வதில்லை. கன்னடம் பேசுகிறவர்களே அங்கே அதிகம் என்பதும் அவருக்குத் தெரியும். “கேட்டிருந்தாலும் அந்தப் பக்கந்தான் போயிருக்கும். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்பார். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் நியாயத்தை ஏற்றுக்கொள்வதா, அல்லது இந்தியா போன்ற நாட்டுக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்குவதா என்று முடிவுக்கு வர எனக்கு நெடுநாள் பிடித்தது.

கருத்து மட்டும்தான்

அரசியலமைப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சின்னதுதான். புதிய மாநிலத்தை உருவாக்கவும், இருக்கிற மாநிலத்தைப் பிரிக்கவும், இரண்டைச் சேர்க்கவும், எல்லையைக் கூட்டிக் குறைக்கவும், பெயரை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். அதற்கு முன்பு, பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். 1955இல் வந்த ஐந்தாவது திருத்தம் அதற்கும் ஒரு காலக்கெடு வைத்தது. கெடுவுக்குள் கருத்து வராவிட்டாலும் மசோதா போகும். கருத்து எதிராக வந்தாலும் போகும். அடுத்துள்ள 4ஆவது பிரிவு, இப்படி இயற்றும் சட்டத்தை அரசியலமைப்புத் திருத்தமாகவே கருத வேண்டாம் என்கிறது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைகூட வேண்டியதில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். ஜிஎஸ்டி கொண்டுவந்த 101ஆவது திருத்தத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அதற்குக் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. மாநிலத்தின் வரி அதிகாரத்தில் கை வைக்க அவ்வளவு பெரிய வேலி. அந்த மாநிலத்தையே இரண்டாக்குவதற்கு, அன்று அவைக்கு வந்து வாக்களித்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒருவர் இருந்தால் போதும்.

நீதிமன்றமும் இந்த வாசலை அகலமாகவே திறந்து வைத்தது. 1956இல் பம்பாய் மாநிலத்தை மூன்றாகப் பிரிக்கும் மசோதாவைத்தான் அந்தச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். நாடாளுமன்றத்தில் அது மாறி, மராத்தியரும் குஜராத்தியரும் ஒன்றாக இருக்கும் ஒரே பெரிய பம்பாய் மாநிலமாக முடிந்தது. கேட்டது ஒன்று, செய்தது வேறொன்று. பாபுலால் பராத்தே என்பவர் வழக்குப் போட்டார். மசோதா எவ்வளவு மாறினாலும் மறுபடி சட்டமன்றத்திடம் போக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெரிய பம்பாய் நான்கு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. தெருவில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்த பிறகு, 1960 மே 1 அன்று மகாராஷ்டிரமும் குஜராத்தும் தனித்தனியாகப் பிரிந்தன.

பெயர் விஷயத்தை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரிச் சங்கரலிங்கனார் 1956 ஜூலையில் தொடங்கிய உண்ணாவிரதம் அக்டோபர் 13 அன்று அவருடைய உயிரோடு முடிந்தது. 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனாலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அது 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் நாம் தமிழ்நாடு. மக்கள் தங்கள் மண்ணுக்குச் சூட்டிய பெயர் சட்டப்படி செல்லுபடியாவதற்கு வேறோர் அவை வாக்களிக்க வேண்டியிருந்தது.

இதை எழுதியவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எல்லை மாற்றக் கோரிக்கை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று கே.டி. ஷா வாதாடினார். ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. மாகாண எல்லைகள் வெள்ளைக்காரர் பிடித்த வரிசையில் விழுந்தவை. இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் கூடிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால் வந்தது அன்று, ஆகவே எந்த மாநிலமும் பிரிந்து போக முடியாது என்று அம்பேத்கர் விளக்கினார். அன்றைய நிலையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தடுக்கும் அதிகாரம் கொடுத்திருந்தால் 1956 வந்தே இருக்காது. மொழிவழி மாநிலம் என்ற, நம் ஜனநாயகத்தின் ஆகச் சிறந்த காரியம் நடந்திருக்காது. அந்த அதிகாரம் அப்போது தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நமக்கு வந்த குமரி

என் தயக்கமே இங்கேதான் இருந்தது. 3ஆவது பிரிவைக் குறை சொல்லும் தமிழன், அதே பிரிவு தனக்குத் தந்ததை மறந்துவிட முடியாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் 1956இல் நம்மிடம் வந்தன. திருவிதாங்கூர்-கொச்சி அரசு மனமுவந்து அவற்றைத் தரவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தாலுகாக்கள் கை மாறிய நாளில் திருவிதாங்கூர்-கொச்சியில் சட்டமன்றமே இல்லை. 1956 மார்ச்சிலிருந்தே அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. இதை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம் என்று விதி இருந்திருந்தால், நேசமணியும் அவரோடு நின்றவர்களும் எவ்வளவு போராடியிருந்தாலும் குமரி வந்திருக்குமா? திருத்தணி வந்திருக்குமா? ம.பொ.சி. வடக்கெல்லைக்காக நடத்திய போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று அது நம்மிடம் வந்தது. அதுவும் இதே பிரிவின்கீழ் இயற்றிய சட்டத்தால்தான்.

ஆகவே பெரியப்பாவின் கேள்விக்கு, “சம்மதம் கட்டாயமாக வேண்டும்” என்ற பதிலை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. ஒரு மாநிலத்தின் பெரும்பான்மை, அதற்குள் இருக்கும் ஒரு சிறுபான்மையைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும் கயிறாகவும் அந்தச் சம்மதம் மாறலாம். நாகர்கோவிலில் இருந்த தமிழருக்குத் திருவனந்தபுரத்துச் சட்டமன்றம் காவல் ஆகியிருக்காது.

தெலங்கானாவைத்தான் எல்லோரும் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 2014 ஜனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் மறுசீரமைப்பு மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் மிளகு ஸ்பிரே அடித்தார். 18ஆம் தேதி நேரலை துண்டிக்கப்பட்டிருந்த அவையில் மசோதா நிறைவேறியது. ஜூன் 2 அன்று மாநிலம் பிறந்தது. ஆந்திரச் சட்டமன்றத்துக்குத் தடுக்கும் உரிமை இருந்திருந்தால் தெலங்கானா பிறந்திருக்காது என்பது உண்மைதான். நானும் நீண்ட காலம் இதை மறுக்க முடியாத வாதம் என்றே வைத்திருந்தேன். ஃபசல் அலி தலைமையிலான மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கையைத் திரும்பப் புரட்டியபோது அது ஆட்டம் கண்டது. குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் இருந்த அந்த ஆணையம், தெலங்கானாவை உடனே ஆந்திராவோடு சேர்க்கச் சொல்லவில்லை. ஐதராபாத் மாநிலம் என்ற பெயரில் அது தனியாகவே இருக்கட்டும். 1961 வாக்கில் வரும் பொதுத்தேர்தலுக்குப் பிறகு அதன் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் மட்டும் இணையட்டும் என்றது. அதாவது, தேர்தலில் மக்கள் முன் வைத்துவிட்டு, அப்புறம் பெரும் ஆதரவு இருந்தால் செய்யுங்கள் என்ற ஆலோசனை. டெல்லி காத்திருக்கவில்லை. தலைவர்கள் 1956 பிப்ரவரியில் தங்களுக்குள் ஓர் உடன்பாடு போட்டுக்கொண்டார்கள், நவம்பரில் இணைப்பு நடந்தது. 1969இல் அது தெருவில் வெடித்தது. கடைசியில் 2014இல் பிரிந்தது. சம்மதம் கேட்டால் தெலங்கானா வந்திருக்காது என்று சொல்வதற்கு முன்னால், 1956இல் சம்மதம் கேட்டிருந்தால் இந்தப் போராட்டமே வேண்டியிருந்திருக்குமா என்று கேட்க வேண்டும்.

தன்னையே கேட்டுக்கொண்ட அவை

இவ்வளவும் மனதுக்குள் ஓடினாலும், என்னை ஒரு பக்கமாகத் தள்ளியது 2019 ஆகஸ்ட் 5தான். 370ஆவது பிரிவை நீக்கியதன் சரி, தவறு பற்றி நாட்டில் நிறையப் பேசியாயிற்று. நான் அதற்குள் போகவில்லை. அதே நாளில் மாநிலங்களவைக்கு வந்த இன்னொரு காரியத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்: ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலத்தை ஜம்மு காஷ்மீர், லடாக் என்று இரண்டு யூனியன் பிரதேசங்களாக மாற்றும் மசோதா. யூனியன் பிரதேசங்கள் மாநிலமாக வளர்வதைப் பார்த்திருக்கிறோம். இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒரு முழு மாநிலம் யூனியன் பிரதேசமாக இறங்குவதைக் குடியரசான இந்தியாவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

3ஆவது பிரிவுப்படி அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆனால் சட்டமன்றம் 2018 நவம்பரிலேயே கலைக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 19 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. அப்போது சட்டமன்றத்தின் அதிகாரங்கள் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கும். ஆகவே மசோதா குறித்த ‘மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தை’ நாடாளுமன்றமே ஒரு தீர்மானமாகச் சொன்னது. ஏற்கிறோம் என்று சொன்னது. பிறகு நாடாளுமன்றமாக இருந்து மசோதாவை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைப் படித்தபோது பெரியப்பா கேட்கவிருந்த கேள்வியின் முழு எடையும் எனக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒருவரே. ஸ்ரீநகரிலோ ஜம்முவிலோ லேவிலோ வாக்குப் பெற்று மாநில அவைக்குப் போன ஒரே ஒருவர்கூட அந்தப் பதிலில் இல்லை.

இதில் இன்னும் கனமான ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் ஒரே ஒரு மாநிலத்துக்கு மட்டும்தான் 3ஆவது பிரிவில் சம்மத உரிமை இருந்தது. அது ஜம்மு காஷ்மீர். 1954ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, அந்த மாநிலத்தின் பரப்பைக் கூட்டவோ குறைக்கவோ, பெயரையோ எல்லையையோ மாற்றவோ செய்யும் எந்த மசோதாவும் அதன் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் நாடாளுமன்றத்துக்கு வரக் கூடாது என்று சேர்த்திருந்தது. 2019 ஆகஸ்ட் 5 அன்று வந்த புதிய ஆணை 1954 ஆணையை நீக்கியது. அன்றைக்கே பிரிப்பு மசோதாவும் வந்தது. கேட்டே ஆக வேண்டும் என்ற காப்பு ஒரே ஒரு மாநிலத்துக்கு இருந்தது. அதுதான் யாரையும் கேட்காமல் இறக்கப்பட்ட மாநிலமும் ஆனது. மற்ற மாநிலங்களின் காப்பு அதைவிட வலுவானதா என்ன?

இவற்றை எதிர்த்த வழக்கில் 2023 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பை நான் எதிர்பார்ப்போடுதான் படித்தேன். சட்டமன்றம் சொல்லும் கருத்து எப்படியும் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாத பரிந்துரைதான், ஆகவே அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் கருத்துச் சொன்னது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். லடாக்கைத் தனியாகப் பிரித்ததையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு மாநிலத்தை முழுதாக யூனியன் பிரதேசமாக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மாநில அந்தஸ்து திரும்பத் தரப்படும் என்று அரசு வழக்கறிஞர் உறுதி சொன்னதால், இப்போது முடிவு செய்யத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. தேர்தலை 2024 செப்டம்பர் 30க்குள் நடத்தத் தேர்தல் ஆணையம் நடவடிக்கை எடுக்க வேண்டும், அந்தஸ்தைச் சீக்கிரம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி முடித்தது. தேர்தல் நடந்தது. ஒமர் அப்துல்லாவின் அமைச்சரவை கூடி முதலில் எடுத்த முடிவே மாநில அந்தஸ்தைத் திரும்பக் கேட்கும் தீர்மானம்தான். தன் முழு அதிகாரத்தைப் பெறுவதற்கு மனுப்போடுவதையே முதல் வேலையாகக் கொண்ட ஓர் அரசு!

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான விதி. ஒரு மாநிலத்துக்குள் இன்னொரு மாநிலம் உருவாக வேண்டுமானால் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று அவர்களுடைய அரசியலமைப்பே சொல்கிறது. 1869இல் டெக்சஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத ஒன்றியம் என்று எழுதியது. ஆனாலும் அந்த விதியும் ஒருமுறை வளைந்தது. உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா பிரிந்து போனபோது, ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள் வீலிங் நகரத்தில் கூடி, நாங்களே உண்மையான வர்ஜீனியா அரசு என்று அறிவித்து, மாநிலத்தைப் பிரிக்க அவர்களே சம்மதமும் கொடுத்தார்கள். 1863இல் மேற்கு வர்ஜீனியா அப்படித்தான் பிறந்தது. சம்மதம் வேண்டும் என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது, யாருடைய சம்மதம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பதை எனக்கு அது காட்டியது.

கோவாவில் கேட்டார்கள்

யாருடைய சம்மதம் என்ற கேள்விக்கு வெளிநாட்டில் விடை தேட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே ஒருமுறை சரியாகச் செய்திருக்கிறோம், அதை ஏனோ அதிகம் நினைப்பதில்லை. போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1961இல் விடுபட்ட கோவா, யூனியன் பிரதேசமாக இருந்தது. முதல் தேர்தலில் ஜெயித்த மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சியும் அதன் முதல்வர் தயானந்த் பந்தோட்கரும் கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்க வேண்டும் என்றார்கள். சட்டமன்றத்தில் பெரும்பான்மை அவர்களுக்குத்தான். ஜாக் டி செக்வேரா தலைமையில் எதிர்த்தவர்கள், இது அவை தீர்மானிக்கும் விஷயம் இல்லை, மக்களைக் கேளுங்கள் என்று நின்றார்கள். நாடாளுமன்றம் 1966இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக பந்தோட்கர் அமைச்சரவை முன்னதாகவே பதவி விலகியது.

1967 ஜனவரி 16 அன்று கோவா வாக்களித்தது. இணைப்புக்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரட்டை இலை. சுமார் 34 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் கோவா தனியாக இருக்க முடிவு செய்தது. சட்டமன்றப் பெரும்பான்மை ஒன்று விரும்பியது, மக்கள் வேறொன்று சொன்னார்கள். அடுத்து வந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதே பந்தோட்கரை மறுபடி முதல்வராக்கினார்கள். யார் ஆள வேண்டும் என்பதும், எந்த மாநிலமாக இருக்க வேண்டும் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று அந்தச் சின்ன ஊர்க்காரர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு பதில் சொல்லும் வாய்ப்பையும் நாடு அவர்களுக்குக் கொடுத்தது. 1987 மே 30 அன்று கோவா தனி மாநிலமானது. மகாராஷ்டிரத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் அங்கே அதன் பிறகு தலைதூக்கவில்லை. பம்பாயில் கேட்காமல் செய்ததற்குக் கொடுத்த உயிர் விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மாநிலம் இதையே இன்னும் பொறுமையாகச் செய்தது. பெர்ன் மாநிலத்திலிருந்து பிரிய விரும்பிய பிரெஞ்சு மொழிப் பகுதியில் முதலில் மொத்தமாக வாக்கெடுப்பு, பிறகு மாவட்டவாரியாக, பிறகு எல்லையோர ஊர்களில் ஊர்வாரியாக. கடைசியில் 1978இல் நாடு முழுக்க வாக்களித்து ஏற்றுக்கொண்டது, 1979இல் புதிய மாநிலம் வந்தது. இந்தியாவின் அளவுக்கு ஊர்வாரி வாக்கெடுப்பு நடக்காது என்று சொல்லலாம்தான். ஆனால் பெருந்தொகை மக்களுக்குப் பொதுத்தேர்தலையே கட்டம் கட்டமாக நடத்தி முடிக்கும் நாடு இது. ஒரு தாலுகாவில் ஒரு கேள்வி கேட்பதற்கு நம்மிடம் ஆள் இல்லை, பெட்டி இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கோவாவை மனதில் வைத்துக்கொண்டு குமரியைத் திரும்பப் பார்த்தால் என் பழைய தயக்கம் தீர்ந்துவிடுகிறது. அந்தத் தாலுகாக்களின் தமிழர்கள் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தேர்தல்களில் வாக்களித்துத் தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் துப்பாக்கிச் சூட்டுக்கு வேலையே இல்லாமல் அவர்கள் வந்திருப்பார்கள். கேரளத்தோடு போன தேவிகுளம், பீர்மேடு விஷயத்திலும் விடை எதுவானாலும் அந்த மலைத்தோட்டத்து மக்களின் வாயிலிருந்து வந்திருக்கும். கொள்ளேகாலத்துக்காரர்களும் போயிருப்பார்கள். கேட்டதால் போயிருப்பார்கள்.

கோடு எங்கே?

ஆகவே நான் வந்து நிற்கும் இடம் இது. எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கட்டும். பெரிய மாநிலங்களுக்குள் நசுங்கும் பகுதிகளுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். உத்தரப் பிரதேசம் ஒரு கூட்டாட்சிக்கு அளவு மீறிப் பெரியது என்று பணிக்கர் 1955லேயே தனிக் குறிப்பு எழுதினார். 2011 நவம்பரில் மாயாவதி அரசு அதை நான்காகப் பிரிக்கச் சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டது. அந்த விவாதம் அங்கேயே நிற்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் எந்தப் பகுதி இடம் மாறுகிறதோ அந்தப் பகுதியின் மக்கள் நேரடியாக வாக்களிக்க வேண்டும். அந்த முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தெலங்கானா மாதிரி இடங்களில் மாநிலத்தின் மற்றப் பகுதி வேண்டாம் என்றால், தலைநகர், தண்ணீர், கடன் ஆகியவற்றைப் பங்கிடுவதில் அதன் சட்டமன்றத்துக்கு வலுவான பேரம் பேசும் உரிமை இருக்க வேண்டும், தடுக்கும் உரிமை வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். குடியரசுத் தலைவர் ஆட்சி நடக்கும்போது ஒரு மாநிலத்தின் வடிவத்தைத் தொடக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை வரும் வரை காத்திருந்தால் நாடு இடிந்துவிடாது. அடுத்தது, மாநிலமாக இருந்த ஒன்றை எந்தச் சூழ்நிலையிலும் யூனியன் பிரதேசமாக இறக்கக் கூடாது. யூனியன் பிரதேசம் என்றால் என்ன என்று நமக்குப் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. முதல்வர் இருப்பார், முப்பது எம்.எல்.ஏக்கள் இருப்பார்கள், ஆனால் மத்திய அரசு நியமிக்கும் மூன்று பேர் அதே அவையில் வாக்களிக்கலாம். மாநிலங்களுக்கு நிதி ஆணையம் பிரித்துத் தரும் வரிப் பங்கில் அதற்கு இடம் இல்லை. மாநில அந்தஸ்து கேட்டு அந்தச் சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது. 2019இல் லடாக்கின் லே நகரம் தனி யூனியன் பிரதேசம் கிடைத்ததைக் கொண்டாடியது உண்மை. சட்டமன்றம் இல்லாத பிரதேசம் என்றால் என்னவென்று வாழ்ந்து பார்த்த பிறகு, அதே லே மாநில அந்தஸ்து கேட்டுத் தெருவுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 24 அன்று அங்கே நான்கு பேர் இறந்தார்கள்.

3ஆவது பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் பிரிவுகளின் பட்டியலில் அது இல்லவே இல்லை. மாநிலங்களைக் காக்கும் திருத்தமும் மாநிலங்களைக் கேட்காமலே வரலாம் என்பதுதான் இன்றைய நிலை. அதனால் இதை யார் தொடங்குவது என்று பார்த்தால், ஒரு தனிநபர் மசோதாவாகவாவது மாநிலங்களவையில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். தோற்றாலும் பரவாயில்லை. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மாநிலங்களவையில் முதலில் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. அண்ணா அதை ஆதரித்துப் பேசினார், மசோதா தோற்றது, ஆனால் அந்தப் பேச்சு நின்றது. ஜம்மு காஷ்மீருக்கும் லடாக்குக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவரும் உறுப்பினர் இந்த முறை தமிழ்நாட்டிலிருந்து போனவராக இருக்க வேண்டும்.